உணவுப் பொதியா, ரொக்கமா, பள்ளிச் சோறா, வாழ்வாதாரமா? பசி ஒழிப்புக்கான உதவியை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் போருக்கும் பிறகு ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் தனி நன்கொடையாளர்களும் ஒரே கேள்வியில் சிக்கி நிற்கிறார்கள். திரட்டிய தொகையை அரிசி, பருப்பாக வாங்கி அனுப்புவதா, மக்களின் கையில் ரொக்கமாகக் கொடுப்பதா, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்குத் தருவதா, அல்லது ஆடு, மாடு, தொழிற்கருவி வாங்கிக் கொடுத்து ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடுவதா? உதவி வழங்கும் அரசுகளும் ஐ.நா. அமைப்புகளும் இதே கேள்வியை எழுபது ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. அவை பல விடைகளை மிகுந்த பொருட்செலவில் சோதித்தும் பார்த்திருக்கின்றன. அந்த அனுபவத்தைக் கொண்டு வழிகளை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 1990இல் உலகில் ஏறத்தாழ 190 கோடிப் பேர் கொடிய வறுமையில் இருந்தார்கள் என்றும், 2015இல் அந்த எண்ணிக்கை 83.6 கோடியாகக் குறைந்தது என்றும் ஐ.நா.வின் புத்தாயிரம் ஆண்டு வளர்ச்சி இலக்குகளின் இறுதி அறிக்கை கூறியது. இந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி சீனா போன்ற நாடுகளின் சொந்தப் பொருளாதார வளர்ச்சியால் வந்தது. வெளியுதவியின் பங்கு சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வளர்ச்சி எட்டாத இடங்களில், குறிப்பாகச் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவிலும் போர் நடக்கும் நாடுகளிலும், உதவியே பலருடைய உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. 2024இல் உலகில் 67.3 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. 2030க்குள் பசியே இல்லாத உலகம் என்ற இலக்கு கைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அதே 2024இல் செல்வந்த நாடுகளின் அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி 7 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து ஏறத்தாழ 21,200 கோடி டாலராக இறங்கியது. அமெரிக்காவின் உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ஆம் நாளோடு தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை வகுத்த இலக்கை இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே எட்டுகின்றன. உதவி இவ்வளவு சுருங்கும் காலத்தில் ஒவ்வொரு ரூபாயும் எந்த வழியில் போகிறது என்பதில் பலருடைய அடுத்த வேளை உணவு அடங்கியிருக்கிறது.

## எதைக் கொண்டு அளப்பது

கொடுப்பவருக்கு எது வசதி, எது படம் எடுக்க அழகாக இருக்கும், எது கணக்குக் காட்ட எளிது என்பவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, பெறுபவரின் பக்கம் நின்று ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது, பசித்த குடும்பத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள சந்தையில் உணவு இருக்கிறதா? இருந்தும் வாங்கப் பணம் இல்லையா, அல்லது பணம் இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லையா? மற்ற நான்கும் பெரும்பாலும் இந்த ஒன்றுக்கான விடையைத் தொடர்ந்தே வருகின்றன. இரண்டாவது, கொடுத்த தொகையில் எவ்வளவு வழியிலேயே கரைகிறது? மூன்றாவது, உதவி எத்தனை நாளில் போய்ச் சேரும்? நான்காவது, உதவி பெறாத அண்டை வீட்டாருக்கும் உள்ளூர் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் அதனால் என்ன நேரும்? ஐந்தாவது, உதவி நின்ற மறுநாள் அந்தக் குடும்பத்தில் என்ன மிஞ்சும்?

| வழி | வழியில் கரைவது | வேகம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | பொருந்தும் சூழல் |
|---|---|---|---|---|
| வெளியிலிருந்து வரும் தானியம் | அதிகம் | மெதுவானது | உள்ளூர் விலைச் சரிவு, களவு | சந்தையில் பொருளே இல்லாதபோது |
| அருகில் வாங்கித் தரும் உணவு | நடுத்தரம் | ஓரளவு விரைவு | கொள்முதல் பெருத்தால் விலை ஏறும் | ஒரு பகுதியில் பற்றாக்குறை, பக்கத்தில் உபரி |
| ரொக்கம் | குறைவு | விரைவு | பணவீக்கத்தில் மதிப்பு தேயும் | சந்தை இயங்கும்போது |
| கூப்பன் | குறைவு | விரைவு | கடைகளின் ஏகபோகம் | சத்துள்ள உணவை உறுதிசெய்ய |
| பள்ளி உணவு | நடுத்தரம் | நீண்டகாலப் பணி | ஐந்து வயதுக்குக் கீழுள்ளோர் விடுபடுவர் | அரசு ஏற்றுக்கொள்ளும் இடத்தில் |
| வாழ்வாதாரத் தொகுப்பு | தொடக்கச் செலவு மிக அதிகம் | இரண்டு ஆண்டு | ஆள்பலம், கால்நடை நோய் | அமைதியான இடத்தில் நாட்பட்ட வறுமைக்கு |

## தானியமாகக் கொடுப்பது

உணவு உதவி என்றதும் எல்லோர் மனத்திலும் எழுவது மூட்டைகளோடு வரும் கப்பல்தான். அதற்குச் சட்ட வடிவம் தந்தது 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480. பசித்தவருக்குச் சோறு போடுவதோடு, அமெரிக்க விவசாயிகளின் உபரிக்கு வடிகால் தேடுவதும் அதன் நோக்கமாக இருந்தது. அந்த இரட்டை நோக்கம் இன்றுவரை செலவைக் கூட்டுகிறது. உதவித் தானியத்தில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்ற விதி, குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் கப்பல்களை ஒதுக்கிவிடுகிறது. பத்து ஆப்பிரிக்க நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட உணவு போய்ச் சேரச் சராசரியாக 147 நாள் ஆனது என்றும், அந்தந்த நாட்டிலேயே வாங்கிய உணவுக்கு 35 நாளே ஆனது என்றும் 2009இல் அறிவித்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ளூரிலோ அண்டை நாட்டிலோ வாங்கியபோது செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 147 நாள் என்பது ஏறக்குறைய ஐந்து மாதம். ஊட்டம் இழந்த குழந்தையால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

இதைவிட வருத்தம் தரும் நடைமுறை ஒன்றும் இருந்தது. கப்பலில் வந்த தானியத்தைத் தொண்டு நிறுவனங்கள் உள்ளூர்ச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் தங்கள் வளர்ச்சித் திட்டங்களை நடத்தின. விற்ற விலை, வாங்கி ஏற்றி இறக்கிய செலவை ஈடுகட்டவில்லை. உள்ளூர் விவசாயியின் விளைச்சலுக்கும் அது போட்டியானது. கேர் நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர் மதிப்புள்ள இந்த வருவாயைக் கைவிடுவதாக 2007இல் அறிவித்தது. தன் வரவுசெலவில் துண்டு விழும் என்று தெரிந்தே எடுத்த அந்த முடிவு மதிப்புக்குரியது.

மூட்டை கைக்குக் கை மாறும் பொருள் என்பதால் களவும் எளிது. 2023இல் எத்தியோப்பியாவில் உதவித் தானியம் பெருமளவில் சந்தைக்கும் ஆலைகளுக்கும் திருப்பிவிடப்பட்டது வெளிப்பட்டபோது, யூஎஸ்எய்டும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் நாடு முழுவதும் வழங்கலை நிறுத்தின. திருடியவர்கள் ஒரு பக்கம் இருக்க, மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் அந்தத் தானியத்தை நம்பியிருந்த ஏழைகளும் அகதிகளும்தான்.

இவ்வளவு குறை இருந்தும் தானியத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் அடுத்தடுத்த வறட்சியில் பீகார் வாடியபோது, இந்தியாவின் பெரும்பஞ்சத்தைத் தடுத்ததில் அந்த 480ஆம் சட்டத்துக் கோதுமைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஒவ்வொரு தவணையையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தியாவின் கொள்கைகளை நெருக்கும் கயிறாக அதைப் பயன்படுத்தினார். அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும் எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்களும் 1966இல் மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் குட்டைரகக் கோதுமை விதை 18,000 டன்னைத் தருவித்தார்கள். வந்த தானியம் அவகாசம் வாங்கித் தந்தது. தானியம் கேட்கும் நிலையை மாற்றியது வந்த விதை, கொள்முதல் விலை, நீர்ப்பாசனம், கிடங்குகள் ஆகியவற்றின் கூட்டு. தானிய உதவி கொடுக்கும் எவரும், அது வாங்கித் தரும் அவகாசத்தில் வேறு என்ன நடக்கப்போகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

## ரொக்கமாகக் கொடுப்பது

பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பதே ரொக்கத்துக்கு எதிராக முதலில் எழும் அச்சம். பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், உதவிப் பணத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை என்றே கண்டார்கள். ஏழைக் குடும்பத்துக்குத் தன் தேவை தெரியாது என்ற எண்ணம் கொடுப்பவரின் மனத்தில்தான் இருக்கிறது.

கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 653 ஊர்களை உள்ளடக்கி நடந்த ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. கிவ்டைரக்ட்லி அமைப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்தது. பணம் பெறாத வீடுகளின் வருவாயும் உயர்ந்தது. கொடுக்கப்பட்ட ஒவ்வொரு டாலரும் அந்தப் பகுதியின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. விலைவாசி மிகச் சிறிதளவே ஏறியது. கடைக்காரரும் தையற்காரரும் கொத்தனாரும் அதே ஊரில் இருந்ததால் பணம் அங்கேயே சுழன்றது.

இலங்கைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடிய சான்றும் உண்டு. சுனாமிக்குப் பின், 2005இன் இறுதியில் தொடங்கி, உலக உணவுத் திட்டம் அங்கே சில ஆயிரம் பேருக்கு உலர் உணவுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துச் சோதித்தது. பணம் பெற்ற குடும்பங்கள் அரிசியையும் கோதுமை மாவையும் சற்றுக் குறைத்துக்கொண்டு, இறைச்சி, பால் போன்றவற்றைக் கூடுதலாக வாங்கின. கடைகள் மீண்டும் திறந்து, சாலைகளும் இயங்கத் தொடங்கியிருந்ததால் அது முடிந்தது.

ரொக்கத்தின் மறைமுகச் செலவு விலைவாசியில் ஒளிந்திருக்கிறது. 2005இல் எத்தியோப்பியா தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் பல இலட்சம் பேருக்கு வேலைக்கு ஈடாகப் பணமோ தானியமோ தந்தது. 2007, 2008இல் தானிய விலை எகிறியபோது, முன்பு பணம் கேட்டவர்களே தானியம் கேட்கத் தொடங்கினார்கள். கூலியாக வந்த தொகை பழைய அளவு தானியத்தை வாங்கவில்லை. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் ஓராண்டுக்கு முன் நிர்ணயித்த தொகை ஏறத்தாழ பாதியாகத் தேய்ந்துவிடும். ஆகவே ரொக்கம் தருபவர், விலை ஏறும்போது தொகையையும் ஏற்றுவதற்கான இருப்பைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இன்னொரு செலவு அண்டை வீட்டாருடையது. பிலிப்பைன்ஸில் ஊரின் பெரும்பகுதிக்கு உதவித்தொகை கிடைத்த தொலைதூரச் சிற்றூர்களில் முட்டை, மீன் போன்றவற்றின் விலை ஏறியது. திட்டத்தில் சேராத வீட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியது. கென்யாவில் பணம் பெருகியதும் பிலிப்பைன்ஸில் விலை ஏறியதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வெளியிலிருந்து சரக்கு எளிதாக வந்து சேரும் ஊரில் பணம் பெருகும். சரக்கு வரத் தடையுள்ள தீவிலோ மலையூரிலோ அதே பணம் விலையாக மாறும்.

## கூப்பன்

குறிப்பிட்ட கடைகளில் குறிப்பிட்ட உணவுகளை மட்டும் வாங்கக் கூப்பன் தருவது இடைப்பட்ட வழி. வடக்கு ஈக்வடாரில் 2011இல் கொலம்பிய அகதிகளுக்கும் உள்ளூர் ஏழைகளுக்கும் மாதம் 40 டாலர் மதிப்பில் உணவு, பணம், கூப்பன் மூன்றையும் வெவ்வேறு பகுதிகளில் கொடுத்து ஒப்பிட்டார்கள். 40 டாலர் உணவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஏறத்தாழ 11 டாலர் செலவானது. பணத்துக்கும் கூப்பனுக்கும் ஏறத்தாழ 3 டாலரே ஆனது. உணவு பெற்றவர்களின் கலோரி அளவு அதிகம் உயர்ந்தது. உணவின் பலவகைத்தன்மை கூப்பன் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆகவே கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்போருக்கும் பருப்பு, முட்டை, காய்கறி போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கமானால் கூப்பன் நல்ல கருவி. 2022இல் கொழும்பின் வசதி குறைந்த பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு உலக உணவுத் திட்டம் இந்த வழியைத்தான் எடுத்தது.

ஒப்பந்தக் கடைகள் இரண்டு மூன்றே இருந்தால் அவை வைத்ததே விலை என்பது கூப்பனின் குறை. நிதி தடைபட்டால் ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும் என்பது எல்லா மாதாந்திர உதவிக்கும் பொதுவான குறை. 2014 டிசம்பரில் நிதியில்லாமல் 17 இலட்சம் சிரிய அகதிகளின் கூப்பன்கள் திடீரென நிறுத்தப்பட்டன.

## பள்ளி உணவு

மற்ற வழிகளில் இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. வெளியுதவியில் தொடங்கி, அரசின் சொந்தச் செலவுக்கு மாறிய சான்றுகள் இதில்தான் அதிகம். சென்னை மாநிலத்தில் 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் ஊராரின் நன்கொடைகளோடு பரவியது; 1961 முதல் கேர் நிறுவனம் பால் பவுடர், எண்ணெய் போன்றவற்றைத் தந்து தாங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியபோது அது மாநில அரசின் கடமையாக வேரூன்றியது. கேப் வெர்டே 2010இலும் கென்யா 2018இலும் உலக உணவுத் திட்டத்திடமிருந்து பள்ளி உணவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. 2024இல் உலகெங்கும் 46.6 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் உண்டார்கள். அதற்கான நிதியில் மிகப் பெரும்பகுதி அந்தந்த நாடுகளின் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வந்தது. பிரேசில் 2009இல் இயற்றிய சட்டத்தில், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று விதித்தது. பிள்ளையின் வயிறும் உழவரின் வருவாயும் ஒரே செலவில் நிறைகின்றன.

பலன் தலைமுறை தாண்டியும் தெரிகிறது. இந்தியாவில் பள்ளிப் பருவத்தில் மதிய உணவு பெற்ற பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்ததை 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் குழந்தையின் உடலும் மூளையும் மிக வேகமாக வளரும் காலம் கருவிலிருந்து இரண்டு வயதுவரை. பள்ளிக்கு வரும் வயதில் அந்த வாய்ப்புக் கடந்துவிட்டிருக்கும். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் திட்டம் இரண்டு வயதிலிருந்தே ஊர்ப்புறக் குழந்தைகளை மையங்களில் சேர்த்துக்கொண்டதை இந்த வகையில் பெரிய முன்னோக்கு என்பேன். பள்ளியைவிட்டு நின்ற பெண்பிள்ளைக்கும் விடுமுறை மாதங்களுக்கும் இந்த வழியில் விடை இல்லை. தனியார் அமைப்பு ஒன்று ஒரு பள்ளியில் சோறு போடத் தொடங்கி மூன்றாம் ஆண்டில் பணமின்றி நிறுத்தினால், அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேடு மீண்டும் பழைய நிலைக்குச் சரியும். அரசு ஏற்றுக்கொள்ளும் தேதி எழுத்தில் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

## வாழ்வாதாரத் தொகுப்பு

வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய இந்த முறையில், மிகவும் ஏழையான குடும்பத்துக்கு ஒரு மாடோ சில ஆடுகளோ கொடுக்கப்படுகின்றன. அவற்றை விற்றுத் தின்ன நேராதபடி சில மாதங்களுக்கு உணவுப்படி, பயிற்சி, சேமிப்புக் கணக்கு, மருத்துவ உதவி, வாரந்தோறும் வந்து பார்க்கும் பணியாளர் என எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாயின. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் பலருக்குத் தரப்பட்ட கோழிகள் நோயில் மடிந்ததால் பலன் நிலைக்கவில்லை.

மற்ற வழிகள் எல்லாம் பசியை நாள்தோறும் தள்ளிவைக்கின்றன. இந்த வழி குடும்பத்தின் வருவாயையே மாற்ற முயல்கிறது. அதற்கேற்பச் செலவும் பெரிது. நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைக் கருதி, வாங்கும் திறனைச் சமன்படுத்திய கணக்கில் ஒரு குடும்பத்துக்கு இந்தியாவில் ஏறத்தாழ 1,450 டாலரிலிருந்து பாகிஸ்தானில் ஏறத்தாழ 6,000 டாலர்வரை ஆனது. அந்தத் தொகையில் கணிசமான பங்கு பணியாளர் சம்பளம். நேர்மையான, ஊரை அறிந்த களப்பணியாளர்கள் கிடைக்காத இடத்தில் மாட்டை மட்டும் கொடுத்துவிட்டு வருவது, தீவனச் செலவையும் சேர்த்து ஏழையின் தலையில் ஏற்றுவதாகவே முடியும்.

## எந்தச் சூழலில் எது

சந்தை இயங்கி, விலை ஓரளவு நிலையாக இருக்கும் எந்த இடத்திலும் ரொக்கத்தையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. வேறு வழியைத் தேர்ந்தெடுப்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். போர் நடக்கும் இடம் என்பதாலேயே ரொக்கம் ஆகாது என்று முடிவு கட்டவும் கூடாது. 2011இல் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது தெற்குப் பகுதிக்குள் உணவு லாரிகளைப் பெருமளவில் கொண்டுசெல்ல முடியவில்லை. ஆனால் வணிகர்களின் சரக்கு போய்க்கொண்டிருந்தது, வங்கியின்றிப் பணத்தைக் கைமாற்றும் ஹவாலா முகவர்களும் இயங்கினார்கள். பணம் அந்த வழியில் சென்றது. உதவி தாமதித்த அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

முற்றுகையிடப்பட்ட நகரம், வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட தீவு, வணிகர் எவரும் வராத ஊர் ஆகியவற்றில் தானியமே வழி. அதையும் இயன்றவரை அருகிலிருந்து வாங்க வேண்டும். விளைச்சலுக்கு முந்தைய பஞ்ச மாதங்களும் அப்படியே. நைஜர் நாட்டின் ஜிண்டர் பகுதியில் நடந்த ஒப்பீட்டில், பணம் பெற்றவர்கள் மலிவான தானியத்தை மொத்தமாக வாங்கி, மீதியை வீட்டைச் செப்பனிடவும் விவசாயத்துக்கும் செலவிட்டார்கள்; உணவு பெற்றவர்களின் சாப்பாடே அந்த மாதங்களில் மேலானதாக இருந்தது. ஆகவே ஒரே ஊரில், ஒரே ஆண்டில், பஞ்ச மாதங்களில் தானியமும் அறுவடைக்குப் பின் பணமும் கொடுப்பதில் தவறில்லை.

கையில் உள்ள தொகை சிறியதென்றால் எல்லா வழிக்கும் பிரித்துப் போட வேண்டாம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே பணம் கொடுத்துவரும் அமைப்பைத் தேடி, மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கடந்த மூன்று மாதங்களில் அருகிலுள்ள சந்தையின் அரிசி அல்லது சோள விலை என்ன? நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் குடும்பத்தின் கைக்குப் போகிறது? பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு தாய் யாரிடம் சென்று முறையிட முடியும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு தொலைபேசி எண்ணோ, ஒரு பொறுப்பாளரின் பெயரோ விடையாக வராவிட்டால், வேறு அமைப்பைத் தேடுங்கள்.